ரஷ்யாக்காரனின் வெள்ளியும் எங்கள் கலியாணமும்

என் செல்ல மகனுக்கு,

ரெலிபோனில் நீ என்னைக் கதைக்க விடுவதில்லை. நான் ஒரு சொல் சொல்ல வாய் திறந்தால் நீ ஒன்பது சொல்லி முடித்து, "அம்மா, மற்ற லைனில டிரைவர் நிக்கிறான், பேந்து எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய். ரொறன்ரோவுக்கு அங்கால் பிறம்ரனில் இருந்துகொண்டு லொறிகளை இங்கே போ, அங்கே போ என்று அனுப்புகிற வேலை உனக்கு. தாயையும் ஒரு லொறி என்று நினைத்துக்கொண்டாய் போல. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்துக்குக் குறுக்கே பேச ஏலாது பார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்தில் பிழை வந்தால் சிரி, ஆனால் கடைசிவரை வாசித்துவிட்டுச் சிரி. இன்னொன்றையும் முதலே சொல்லிவிடுகிறேன், இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதமில்லை. எங்கள் கடைகளில் வாசலில் அடுக்கிவைத்துச் சும்மா தருகிற தமிழ்ப் பேப்பரில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். ஏன் என்று பின்னால் சொல்வேன். இப்போது எனக்குள்ளே இருக்கிற சந்தோஷத்தில் எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்று தெரியவில்லை.

போன கிழமை நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்தோம். கலியாணத்தன்று காலையில் உன்னைப் பலகையில் இருத்தி, பாலில் நனைத்த அறுகம்புல்லை உன் தலையில் வைத்து, தலை முழுகத் தோய வார்த்து, மாப்பிள்ளை உடுப்புப் போட்டு மண்டபத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பாலறுகை முதல் வைக்க வேண்டியது பெற்றவர்கள். அப்பா இல்லை. அப்பா இல்லாதபடியால் நானும் இல்லை, அதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். தாலி இழந்தவள் நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்பதில்லை. அறைக்குள் இருந்து மனதால் வாழ்த்திவிட்டு, எல்லாரும் போன பிறகு வெளியே வருவாள். நீ கேட்டாய், நான் மாட்டேன் என்றேன்.

"நீங்கள்தான் முதல் வைக்கிறது."

"எனக்கு ஏலாது ராசா. மாமி வைப்பா, அவ சுமங்கலி."

"நீங்கள் வைக்காட்டி ஒருத்தரும் வைக்கத் தேவையில்லை. நான் சும்மா சவரில தோஞ்சுபோட்டு, காரை எடுத்துக்கொண்டு போய்த் தாலி கட்டுறன்."

"உப்பிடிக் கதையாதை."

"நீங்கள் உப்பிடிக் கதையாதேங்கோ!"

அதோடு வைத்துவிட்டாய். அன்று லைனில் டிரைவரும் இல்லை. மகனே, கலியாணம் கட்டப் போகிறவனுக்கு முதல் புத்தி இது: கோபத்தில் ரெலிபோனை வைக்காதே. கத்து, பரவாயில்லை. கத்துகிறவனுக்குப் பதில் சொல்லலாம். வைத்த ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வது?

நான் வழக்கத்துக்காக மட்டும் மாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்குப் பயம். என் கை உன் தலையில் பட்டால் உனக்கு ஏதும் வந்துவிடும் என்று பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்துக்குப் போக வேண்டும். உனக்கு இப்போதே சிரிப்பு வரும். "ஐயோ, அப்பாவின்ர மாசம்!" என்பாய். ஓம், அப்பாவின் மாதம்தான். வீட்டுக்கு வந்த ஆட்களில் அந்தக் கதையைக் கேட்காமல் தேத்தண்ணி குடித்தவர்கள் யார்?

குடியுரிமை எடுக்கப் போனோமே, அந்த நாள் நினைவிருக்கிறதா? நீதிபதி அம்மா கண்ணாடிக்கு மேலால் பார்த்து, கனடாவின் சரித்திரத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டா. மற்ற ஆட்கள் பாடமாக்கி வந்ததை ஒப்பித்துவிட்டு இருந்தார்கள். அப்பா எழும்பி நின்றார். தன்னுடைய இங்கிலீசில் தொடங்கினார். ஐம்பத்தேழு ஒக்ரோபரில் ரஷ்யாக்காரன் பூமியைச் சுற்ற ஒரு செயற்கை வெள்ளியை எறிந்தான் மேடம், அதே நாள் இங்கே மோல்ரனில் உங்கள் ஆட்கள் கொட்டகையைத் திறந்து ஒரு வெள்ளை விமானத்தை வெளியே உருட்டினார்கள், உலகத்தில் அப்படி ஒரு விமானம் அப்போது இல்லை, ஆனால் ரஷ்யாக்காரனின் சத்தத்தில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை, பிறகு அதை வெட்டி இரும்பாக்கிப்போட்டார்கள் என்றார். அந்த மாதம்தான் மகாராணி ஒட்டாவாவுக்கு வந்து பாராளுமன்றத்தைத் திறந்தா, அதே நாள் உங்கள் நாட்டுக்காரர் ஒருவருக்குச் சமாதானப் பரிசு என்று அறிவித்தார்கள் என்றார். நீதிபதி அம்மா பேனையை வைத்துவிட்டா. அப்பா விடவில்லை. இங்கிலாந்தில் அணு உலை தீப்பிடித்தது என்றார். கடைசியாக என்னைக் கையால் காட்டி, "அதே மாசம்தான் மேடம், நான் இவவுக்குத் தாலி கட்டினது" என்றார். நீ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாய். எனக்கு இங்கிலீசு விளங்காவிட்டாலும் அந்தக் கை என் பக்கம் வந்ததும் கதை விளங்கிவிட்டது. அந்த அம்மா எழும்பி வந்து எனக்குக் கை தந்து ஏதோ சொன்னா. நீ பிறகு மொழிபெயர்த்தாய்: "உலக நடப்புகளில உங்களைத்தான் முதல்முதல் நேரில சந்திக்கிறாவாம்."

உன் அப்பா அந்த விமானக் கதையை இங்கே தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒரு கிழவரிடம்தான் கேட்டு வந்தார். கிழவர் இளந்தாரியாக அந்த விமானத்துக்கு ஆணி இறுக்கியவராம். கேட்ட அன்று அப்பா சப்பாத்தும் கழற்றாமல் குசினிக்குள் ஓடி வந்தார். "இஞ்சாரும்! எங்கட மாசத்தில இன்னொண்டு அம்பிட்டுட்டுது!" முத்துக் குளிக்கப் போனவன் முத்தோடு வந்த மாதிரி. தரையெல்லாம் பனிச்சேறு. நான் ஏசினேன். இப்போது அந்தச் சேறு ஒருநாள் வந்தால் போதும் என்று இருக்கிறது.

ஆனால் அவர் சொல்லாத பாதி ஒன்று உண்டு. அதை நாங்கள் இரண்டு பேரும் ஆட்களுக்கு முன் சொல்வதில்லை, தனிய இருக்கும்போது சொல்லிச் சிரிப்போம். அப்போது எனக்குப் பதினேழு வயது. பருத்தித்துறையில் அப்பா கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. கடையில் ஒரு றேடியோ இருந்தது. சீனி வாங்கப் போனால் சீனியும் தருவார், செய்தியும் தருவார் என்று ஊரில் பகிடி. நான் சீனி வாங்கப் போனதில்லை, என் தம்பி போவான். சம்பந்தம் பேசி, கலியாண எழுத்து எழுதி, அந்த மாதம் கலியாணம் என்று நாள் வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் பத்தர் வந்து தாலிக்குப் பொன்னுருக்கினார். பொன்னுருக்கிவிட்டால் அதற்குப் பிறகு மாப்பிள்ளையும் பொம்பிளையும் வாசற்படலை தாண்டக்கூடாது. ஒருவரை ஒருவர் மணவறையில்தான் காண வேண்டும். இந்தக் கட்டுப்பாடு உனக்கும் வரும், பொன்னுருக்கின பிறகு லொறிக் கந்தோருக்கு ஓடாதே.

பொன்னுருக்கி இரண்டு மூன்று நாள் இருக்கும். பொழுதுபடுகிற நேரம் ஒழுங்கையெல்லாம் சனம் ஓடுகிறது. "ரஷ்யாக்காரன்ர வெள்ளி போகுதாம், கடற்கரைக்கு வாங்கோ!" குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள், அடுப்பில் சோறு இருக்க ஓடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் எல்லாரும் ஓடிவிட்டார்கள். என்னைக் காவல் இருக்கச் சொன்ன சித்தியும் ஓடிவிட்டா. நான் மட்டும் வீட்டுக்குள் இருந்து என்ன செய்ய? மனுசன் செய்த வெள்ளி வானத்தில் போகிறது, நான் மஞ்சள் அரைக்கவா? சீலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நானும் ஓடினேன்.

மணலில் ஊர் முழுக்க நின்றது. நான் ஒரு ஓரத்தில், வள்ளத்துக்குப் பின்னால் நின்று மேற்கே பார்த்தேன். பெரிதாக ஒன்று மினுங்கிக்கொண்டு நின்றது. இதுதான் என்று நெஞ்சு அடிக்க, வாயைத் திறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது ஒரு ஆம்பிளைக் குரல், பக்கத்திலே. "இஞ்சாரும், அது சும்மா வெள்ளி! அது நெடுக நிக்கிறது. போறதைப் பாரும், போறதை! அந்தா, என்ர விரலைப் பாரும்!" விரலைப் பார்த்தேன். விரலுக்கு மேலே, சின்னதாய், ஒரு ஒளிப்புள்ளி. ஆடாமல், அவசரப்படாமல், வேலைக்குப் போகிற ஆள் மாதிரி நட்சத்திரங்களுக்குள்ளால் போய்க்கொண்டே இருந்தது. கடற்கரையில் ஒரு சத்தமில்லை. அது மங்கி மறைந்த பிறகுதான் நான் திரும்பி ஆளைப் பார்த்தேன், ஆள் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது. அவர் சேட்டுப் பொத்தானைப் போடத் தொடங்கினார். நான் ஓடிவிட்டேன். பார்த்தது ரஷ்யாக்காரனின் பந்தை அல்ல, அதைக் கொண்டுபோன ராக்கெட்டின் கோதைத்தான் என்று நீ பெரியவனான பிறகு எங்கேயோ வாசித்துச் சொன்னாய். அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. "கோதெண்டாலும் போனதுதானே!" என்றார்.

அவருக்குப் பின்னால் ஓடி வந்தவ அவருடைய தங்கை, உன் மாமி. அப்போது சட்டை போட்ட சின்னப் பெட்டை. அவ கண்டுவிட்டா. வீட்டுக்குப் போய் அப்படியே சொல்லிவிட்டா. அவ்வளவுதான், இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. பொன்னுருக்கின மாப்பிள்ளையும் பொம்பிளையும் வெளியில் சந்தித்தது ஒரு குற்றம், அதுவும் எந்தக் கிரகம் என்றே தெரியாத ஒன்றுக்குக் கீழே நின்று சந்தித்தது பெருங்குற்றம். கலியாணத்தைத் தள்ளிவை என்று மாமனாரின் ஆட்கள். சாத்திரியாரைக் கூட்டிவந்து கேட்டார்கள். அவர் பஞ்சாங்கத்தை முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டிவிட்டு மூடி வைத்தார். "உது என்ர பஞ்சாங்கத்தில இல்லை. இல்லாததுக்கு நான் என்னெண்டு தோசம் சொல்லுறது? சமைக்கிற வேலையைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு வெத்திலையைப் போட்டார். தீபாவளி முடிந்த கையோடு கலியாணம் நடந்தது.

அந்த மனுசனோடு வாழ்ந்தது எப்படி என்று கேட்டால், தூக்கம் இல்லாமல் வாழ்ந்தது என்றுதான் சொல்வேன். உலகத்தில் என்ன நடந்தாலும் என்னை எழுப்புவார். "இஞ்சாரும், எழும்பும், சந்திரனில இறங்கிட்டாங்கள்!" "இஞ்சாரும், பெர்லினில மதிலை உடைக்கிறாங்கள், வந்து பாரும்!" நான் அரைக்கண்ணில் எழும்பி, என்ன, ஏது என்று தெரியாமல் பக்கத்தில் இருப்பேன். ஒருநாள் எரிச்சலில், ஏன் மனுசா என்னை எழுப்புகிறீர், எனக்கு உது விளங்குமோ என்று கேட்டேன். "எனக்கும் அரைவாசி விளங்கேல்லைதான். தனியப் பாத்தால் பாத்த மாதிரி இல்லை" என்றார். ஆகவே உனக்கு என்னிடம் வேறு புத்தி கேட்காதே, இதுதான். நீ ஒன்றைக் கண்டு நெஞ்சு துள்ளினால் நீ கட்டப்போகிற நிரோஜாவை எழுப்பு. அவள் ஏசுவாள். ஏசட்டும். அவள் உன்னை எழுப்பினால் நீ மற்றப் பக்கம் திரும்பிப் படுக்காதே. காசு, வீடு, கார் எல்லாம் நீங்கள் எங்களைவிடக் கெட்டித்தனமாகச் செய்வீர்கள், அதில் நான் வாய் வைக்கமாட்டேன்.

போன வருசம் ஆவணியில் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு படுத்திருந்துகொண்டு என் கையைத் தட்டினார். தண்ணிக்காக்கும் என்று குனிந்தேன். "செவ்வாயில இருந்து விழுந்த கல்லில புழுவின்ர அடையாளம் கிடக்காம்! றேடியோவில சொல்லுறாங்கள். செவ்வாய் தோசம், செவ்வாய் தோசம் எண்டு எத்தினை பொம்பிளைப் பிள்ளையளைக் கலியாணம் கட்டாமல் வச்சிருந்தாங்கள் எங்கட ஊரில? அங்கை கிடந்தது புழுவாம்!" சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தாதி ஓடி வந்து என்னை ஏசினாள். அதுதான் அவர் எனக்குச் சொன்ன கடைசிச் செய்தி. இப்போது உலகத்தில் என்ன நடந்தாலும் யாராவது சொன்னால்தான் எனக்குத் தெரியும். பாதிச் செய்தி மூன்று நாள் கழித்து, கடையில் கத்தரிக்காய் தெரிந்தெடுக்கிற இடத்தில் வந்து சேருகிறது. நானும் விடியும்வரை ஒரே நித்திரை. அந்த நித்திரை எனக்கு வேண்டாம், மகனே.

செத்த வீட்டில் உன் மாமி என் தோளைப் பிடித்து அழுதா. அழுகிற அழுகையில், "அண்டைக்கே சொன்னனான் மச்சாள், பொன்னுருக்கினாப் பிறகு போய் அந்தக் கண்டறியாத வெள்ளியைப் பாத்தனீங்கள், அது கடைசியில வந்து அண்ணையைக் கொண்டுபோட்டுது" என்றா. பக்கத்தில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். முப்பத்தொன்பது வருசம் கழித்து வந்து கொண்டுபோகிற தோசம் என்ன தோசம் என்று கேட்க எனக்கு அன்று மூச்சில்லை. சொல் உள்ளே போய் இருந்துவிட்டது. இந்த வருசம் பங்குனியில் வானத்தில் வால்வெள்ளி வந்ததே, ரொறன்ரோ முழுக்கப் பார்த்ததே, எங்கள் மோர்னிங்சைட் அப்பாட்மென்ற் பல்கனிக்கு நேரே நின்றது. நான் திரையை இழுத்து மூடிவிட்டேன். உன் அப்பா இருந்திருந்தால் பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் தட்டியிருப்பார். நான் திரை மூடிய நாள்தொட்டு என் கையையே பார்த்துப் பயந்தேன். அந்தக் கையை உன் தலையில் வை என்றுதான் நீ ரெலிபோனில் கத்தினாய்.

சரி, இனிச் சந்தோஷக் கதை. முந்தநாள் நிரோஜா தன் பாட்டில் பஸ் பிடித்து வந்தாள். ஒரு பை நிறையச் சீலை. எல்லாவற்றையும் என் கட்டிலில் விரித்தாள்.

"அன்ரி, உங்களுக்கு எந்தக் கலர்?"

"எனக்கு வெள்ளை போதும் பிள்ளை."

"வெள்ளை கேக்குக்கு." அப்படிச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள்! "அன்ரி, அவர் சொன்னவர், உங்களிட்டை ஒரு சற்றலைட் ஸ்ரோரி இருக்காம். அவர் சொன்னால் அரைவாசிதான் வருமாம். நீங்கள் சொல்லுங்கோ."

சொன்னேன். கடற்கரையை, விரலை, சாத்திரியாரை எல்லாம் சொன்னேன். செத்த வீட்டில் கேட்ட சொல்லையும் சொன்னேன். அதை உனக்கே நான் சொல்லவில்லை, அவளுக்கு ஏன் சொன்னேன் என்று தெரியாது. கட்டிலில் சப்பாணி கட்டிக்கொண்டு கேட்டாள். கேட்டுவிட்டு, கடையில் மிச்சக்காசுக் கணக்குப் பிழைத்தவள் மாதிரி புருவத்தைச் சுருக்கினாள்.

"வெயிற், அன்ரி. அந்த ரொக்கெட்டை நீங்கள் ரெண்டு பேர் மட்டுமோ பாத்தது?"

"ஊரே பாத்தது."

"ஊர் மட்டுமில்லை, த ஹோல் வேள்ட். அமெரிக்கா, ஜப்பான் எல்லாம். அந்த மாசம் உலகத்தில எத்தினை பேர் கலியாணம் கட்டியிருப்பினம்? அவை எல்லாற்ற ஹஸ்பண்டையும் அது கொண்டுபோச்சுதோ?"

நாற்பது வருசமாக ஒருத்தருக்கும், எனக்கும், இந்தக் கணக்கு வரவில்லையே! ஒரு முழு ஊர், ஒரு முழுக் கடற்கரை, குற்றம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். அவள் போன பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு ராத்தாவிடம் போனேன். அவ யாழ்ப்பாணத்துச் சோனக முஸ்லிம், எனக்கு இரண்டு வயது மூப்பு, அக்காவை ராத்தா என்று சொல்வது அவர்களின் பழக்கம், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். ராத்தா, உங்களுக்குக் கலியாணம் எப்ப என்று கேட்டேன்.

"ஏன், தங்கச்சி எனக்கு வேறை மாப்பிளை பாக்கப் போறியளோ? ரஷ்யாக்காரன் வானத்தில சாமானை விட்டானே, அந்த மாசம். நிக்காஹ் முடிஞ்சு எல்லாரும் முத்தத்தில நிண்டு அதைத்தான் பாத்தது. பிரியாணியை நாய் இழுத்தது தெரியாமல்!"

"உங்கட அவர்?"

ராத்தா என்னை விசித்திரமாகப் பார்த்தா. "உள்ளுக்க கிடக்கிறார். தேத்தண்ணிக்குக் கத்துறது கேக்கேல்லையோ? ஆட்டுக்கால் சூப்புக் குடிச்சுக்கொண்டு கல்லு மாதிரி இருக்கிறார். அந்த வெள்ளி வந்து எடுக்கிறதெண்டால் சொல்லுங்கோ, ஒரு கிழமைக்குக் குடுத்துவிடுறன்."

நான் சிரித்தேன், மகனே. வயிறு நோகச் சிரித்தேன். ஒரு வருசத்துக்கு மேல் என் வாயிலிருந்து அந்தச் சத்தம் வரவில்லை. ராத்தா பயந்து தண்ணி கொண்டுவந்தா. சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்கே தெரியாது. உன் அப்பா செத்தது இதயம் பழுதானபடியால். டாக்குத்தர் சொன்னார், நீயும் சொன்னாய். நான் கேட்டேன், ஆனால் நம்பவில்லை. ராத்தாவின் குசினியில்தான் நம்பினேன்.

வீட்டுக்கு வந்த வேகத்தோடு வோபர்னில் இருக்கிற உன் மாமிக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"மச்சாள், பாலறுகு முதல் நான் வைக்கப் போறன். நீர் எனக்குப் பிறகு வையும்."

"உங்களுக்கு விசரோ? சனம் என்ன சொல்லும்?"

"சனம் சாப்பிட்டுப்போட்டுப் போகும்."

"அந்த வெள்ளியைப் பாத்த கண்ணோட..."

"ஊரே பாத்தது. நீரும்தானே பாத்தனீர்."

"நான் எங்கை பாத்தனான்?" என்று ஒரு கத்து. என் காது அடைத்துவிட்டது. "அண்ணை என்னை விட்டிட்டு ஓடினார். நான் பின்னால ஓடி, வள்ளக் கயிறு தடுக்கி, மணலுக்குள்ள முகம் குப்புற விழுந்தன். எழும்பிக் கண்ணுக்குள்ள மண்ணைத் தட்டிப்போட்டுப் பாக்கிறன், நீங்கள் ரெண்டு பேரும் வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள். அது போட்டுது. 'எங்கை அண்ணை, எங்கை?' எண்டு கேக்கிறன், ஆள் உங்களைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். உலகமே பாத்ததை நான் மட்டும் பாக்கேல்லை, தெரியுமோ? ஒவ்வொரு வருசமும் அவர் அந்தக் கதையைத் தொடங்க எனக்கு எப்பிடி இருக்கும்?"

ஐம்பதைத் தொட்ட மனுசி சின்னப் பெட்டை மாதிரி விம்முகிறா. நான் என்ன நினைத்திருந்தேன்! கோள், கிரகம், சாபம் என்று நடுங்கினேன். அங்கே கிடந்தது மணலில் விழுந்த ஒரு பிள்ளையின் கோபம். எனக்கு அவவில் கோபமே வரவில்லை. சிரிப்பும் பாவமும்தான் வந்தது. "அடியே, அதை அண்டைக்கே சொல்லியிருந்தால் அடுத்தமுறை போகேக்கை உம்மைத் தோளில தூக்கிக் காட்டியிருப்பாரே" என்றேன். "இனி ஆர் காட்டுறது?" என்றா. இரண்டு பேரும் ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு அழுதோம். அவர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் அவருக்காகச் சேர்ந்து அழுதது அன்றுதான்.

கடைசியில் மூக்கைச் சீறிவிட்டு மாமி கேட்டா: "அறுகுக்கு என்ன செய்யப் போறியள்? போன முறை ஒரு வீட்டில அப்பாட்மென்ற் முன்னால வெட்டின புல்லைக் கொண்டுவந்து அறுகெண்டு வச்சவை. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி சாடியில வளர்க்கிறாள், நான் வாங்கியாறன். பாலை நீங்கள் காய்ச்சிப்போடாதேங்கோ, பச்சைப் பால் வேணும்." உன் மாமி எனக்குப் பிறகு, இரண்டாவதாக வைப்பா. அவவே சொல்லிவிட்டா.

இப்போது பேப்பரில் ஏன் போடுகிறேன் என்று விளங்குதா? எங்கள் உறவு முழுக்க, மோர்னிங்சைட்டில் இருந்து பிறம்ரன் வரை, அந்தப் பேப்பரை மரக்கறிப் பையோடு வீட்டுக்குக் கொண்டுபோகிறது. அவர்கள் இதை முதலே வாசிக்கட்டும். மாப்பிள்ளையின் தாய் முன்னுக்கு நிற்பா, வெள்ளை உடுத்தி அறைக்குள் இருக்கமாட்டா, நிரோஜா எடுத்துத் தந்த மாம்பழ மஞ்சள் சீலையோடு நிற்பா என்று வாசிக்கட்டும். வாசித்துவிட்டு வீட்டில் இருந்து முணுமுணுக்கிறதை முணுமுணுத்து முடித்துவிட்டு வரட்டும். அன்று காலையில் என்னைக் கண்டு ஒருத்தரும் மூச்சை இழுக்கக்கூடாது. அந்த இழுப்பு என் காதில் விழுந்தால் கை பின்வாங்கிவிடுமோ என்று ஒரு சின்னப் பயம் இன்னும் இருக்கிறது. பயம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். பயத்தோடுதான் வைக்கப் போகிறேன். வாசலில் நின்று மூச்சை இழுக்க நினைக்கிற ஆட்களில் இன்னும் இரண்டு மூன்று பேர் என்னைப்போலத் தாலி இழந்தவர்கள். அவர்களுக்கும் சொல்கிறேன்: பிள்ளை, நீயும் வரிசையில் வா. கிண்ணத்தில் பால் நிறைய இருக்கும்.

உன் அப்பா இருந்தால் இதையும் தன் மாதத்துக் கதையில் சேர்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் இது அவருடைய மாதமில்லை. இது உன்னுடையது, நிரோஜாவுடையது. இந்த மாதம் உலகத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் இரண்டு பேரும் பார்த்து வையுங்கள், ஒருநாள் பிள்ளைகள் கேட்பார்கள்.

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். நான் கட்டை, நீ தகப்பன் வழியில் நெடுவல். பலகையில் இருந்தாலும் உன் தலை என் நெஞ்சுக்கு வந்து நிற்கும், அதிலும் போட்டோக்காரன் நிமிருங்கோ நிமிருங்கோ என்பான். அவன் சொல்வதைக் கேளாதே. என் கையில் பாலறுகு இருக்கும், பால் உன் கண்ணுக்குள் ஒழுகும். துடைக்காதே. கொஞ்சம் குனி, ராசா.

அம்மா